ஆக்ரா ஓயாவின் கரையிலே

நுவரெலியாவின் குளிரையும் ஹற்றனின் மூடுபனியையும் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆனால் டயகமவைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலையைத் தாண்டி, ஹோல்புறூக், அக்கரப்பத்தனை என்று ஏறிக்கொண்டே போனால், அந்த பஸ் பாதையின் கடைக்கோடியில் இருக்கிறது டயகம. அதற்கு மேலே தேயிலை ஒழிந்து காடு தொடங்குகிறது. அந்தக் காட்டின் உச்சியில் விரிந்து கிடப்பதுதான் ஹோட்டன் சமவெளி. தனியாகப் பார்க்கவேண்டிய காரியம் எதுவும் இல்லாத பிரயாணி இவ்வளவு தூரம் வருவதில்லை.

எனக்கு ஒரு காரியம் இருந்தது. ஓர் ஆற்றை அதன் பிறந்த வீட்டிலிருந்து புறப்பட்டு, புகுந்த வீடு வரையில் பின்தொடர்ந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக மனத்தில் இருந்தது. அந்த ஆற்றின் பெயர் ஆக்ரா ஓயா. இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலையாகிய கிரிகல்பொத்தவும் ஹோட்டன் சமவெளியும் பிழிந்து தரும் நீர் ஓடைகளாக இறங்கி, டயகமப் பள்ளத்தாக்கில் ஆறாகிறது. கீழே வர வர டம்பகஸ்தலாவ ஓயாவும் நானு ஓயாவும் சேர, கொத்மலை ஓயா என்று பெயர் மாறுகிறது. கொத்மலை ஓயா மகாவலியோடு கலக்கிறது. ஆக, 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக் கடலில் விழுகின்ற மகாவலியின் நீரில் ஒரு பங்கு, டயகமத் தோட்டத்துப் பீலியருகில் குழந்தைகள் கால் கழுவிய நீர்தான்.

நான் டயகமவில் இறங்கிய காலையில் பனி இன்னும் விலகவில்லை. மேற்கு டயகம, கிழக்கு டயகம என்று தோட்டங்கள் மலைச்சரிவெங்கும் பரந்து கிடக்கின்றன. பெரட்டுக் கலைந்து, கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டியபடி பெண்கள் வரிசையாக மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். அவர்கள் வெட்டித் திருத்திய காட்டுக்குத் துரைமார் தங்கள் தாய்நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். பக்கத்திலே பாருங்கள்: கிளாஸ்கோ, பல்மோரல், வேவர்லி, டொரிங்டன்! ஸ்கொத்லாந்தின் பாதி வரைபடத்தை இந்தப் பள்ளத்தாக்கில் காணலாம். காட்டைத் திருத்தியவர்களின் ஊர்ப்பெயர் ஒன்றைக்கூடப் பெயர்ப்பலகைகளில் காணமுடியவில்லை.

எந்தத் தோட்டம்?

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி வந்து அமர்ந்தார். மடியில் ஒரு துணிப் பை. பைக்குள்ளே கரட்டும் லீக்ஸும் எட்டிப் பார்த்தன. சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்திலே அறிமுகமில்லாதவரைக் கண்டால், "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். மட்டக்களப்பிலும் அப்படித்தான். மலைநாட்டில் மாத்திரம், "எந்தத் தோட்டம்?" என்பதே கேள்வி. தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் பிறந்து, அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்களுக்கு, 'ஊர்' என்ற சொல்லைச் சொந்தமாகச் சொல்லிக்கொள்ள வாய்க்கவில்லை. காணி கம்பெனியுடையது, பிறகு அரசாங்கத்தினுடையது. லயத்துக் காம்பிராவின் சாவி கையில் இருந்தாலும் உறுதிப் பத்திரம் கையில் இல்லை.

நான் கொழும்பிலிருந்து வருவதாகச் சொன்னேன். அவர் தம்மைப் பற்றிச் சொன்னார். அவர் டயகம, மகளைக் கட்டிக் கொடுத்தது தலவாக்கலைப் பக்கம். "அவ இருந்த லயத்தை அணைக்காக ஒடைச்சிட்டாங்க ஐயா. இப்ப தனி வீடு. நல்ல வீடுதான், குறை சொல்லக்கூடாது. ஆனா பீலிக்குப் போனா நாலு பேரைப் பார்ப்போம், நல்லது கெட்டது பேசுவோம். அது போச்சு" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார்.

அந்த அணையின் கதையைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். நேயர்கள் பலர் அதைச் செய்தியாகப் படித்து மறந்திருக்கக்கூடும்.

மேல் கொத்மலைத் திட்டம்

ஆற்று நீரின் வேகத்தை மின்சாரமாக்கலாம் என்ற எண்ணம் இந்தப் பள்ளத்தாக்கில் புதிதன்று. முதற்காலத்து யோசனைகளில், லிந்துலைக்கு அண்மையிலுள்ள கலிடோனியாப் பக்கத்தில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று கட்டுவதும் இருந்தது. 1980களில் ஜப்பானிய நிபுணர்கள் வந்து ஆராய்ந்தபின், தலவாக்கலையில் சிறிய அணை ஒன்றைக் கட்டி, நீரை மலைக்குள்ளே சுரங்கத்தால் கொண்டுபோகும் வழி முன்னுக்கு வந்தது. அதுவே மேல் கொத்மலை நீர்மின் திட்டம்.

அரசாங்கத்தின் பக்கத்து நியாயத்தையும் நாம் சொல்லத்தான் வேண்டும். 1996இல் மழை பொய்த்து, நாடு முழுவதும் மணிக்கணக்காக இருளில் கிடந்தது. 2001, 2002ஆம் ஆண்டுகளிலும் மின்வெட்டு வந்தது. எண்ணெய் வாங்கி எரிக்கப் பணம் வேண்டும். ஆறோ விலை கேளாமல் ஓடுகிறது. அதை வீணே கடலுக்கு விடுவானேன் என்று பொறியியலாளர்கள் கேட்டதில் தவறில்லை.

ஆனால் ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கும் சில கேள்விகள் இருந்தன. ஏறத்தாழ 500 குடும்பங்கள் இருப்பிடம் விட்டு எழும்பவேண்டும் என்று சொல்லப்பட்டது. எங்கே போவது? மலையைக் குடைந்தால் மேலேயிருக்கும் லயங்களின் அத்திவாரம் நிற்குமா? ஊற்றுக்கண் வற்றாதா? மழைக்காலத்தில் மண் சரியாதா? வேலைக்குப் போகும் மலைக்கும் புதிய வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? இவற்றையெல்லாம் கேட்டவர்கள் படித்த நிபுணர்கள் அல்லர். ஆயினும் அந்த மலையின் ஒவ்வொரு கானையும் படிக்கட்டையும் காலால் அறிந்தவர்கள்.

'இடம்பெயர்தல்' என்ற சொல் மற்றவர் காதில் விழுவதுபோல் இம்மக்களின் காதில் விழுவதில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று, கொழுந்து நிறுப்பதுபோல மனிதர்களைப் பங்கிட்டார்கள். பெட்டி படுக்கையோடு ஹற்றன் ஸ்டேஷனில் நின்று, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத குடும்பங்களின் பிள்ளைகளே இன்று லயங்களில் இருப்பவர்கள். "எழும்புங்கள், வேறிடம் தருகிறோம்" என்று அதிகாரி ஒருவர் சொன்னால், அவர்களுக்கு முதலில் நினைவில் வருவது அந்த ரயில்தான்.

மஸ்கெலியாவையும் அவர்கள் அறிவார்கள். 1960களில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் அமிழ்ந்தது. இன்றும் கடுங்கோடையில் நீர் இறங்கினால், பழைய கோயிலின் சுவர்கள் வெளியே தெரியும். மக்கள் திரண்டு போய்க் கும்பிட்டு வருவார்கள்.

1977இல் நடந்த ஒரு போராட்டம்

தலவாக்கலையிலிருந்து ஹற்றன் பக்கமாகப் போனால், டெவன் நீர்வீழ்ச்சிக்கு அப்பால் பத்தனைச் சந்தி வருகிறது. அச்சந்தியைக் கடக்கும்போது மலையகத்தார் ஒரு பெயரை நினைப்பார்கள்.

தோட்டங்கள் அரசுடைமையானபின், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குப் பகிர்ந்தளிக்க 1977இல் ஒரு திட்டம் வந்தது. காணியில் உழைத்தவர்களுக்கு அதில் பங்கில்லை. வேலையும் இருப்பிடமும் போய்விடும் என்ற அச்சமே மிஞ்சியது. தொழிலாளர் திரண்டெழுந்தனர். 1977 மே 11ஆம் திகதி, ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டதில் டெவன் தோட்டத்து இளைஞர் சிவனு லெட்சுமணன் உயிர் துறந்தார். அதன்பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் மே மாதத்தில் அவருக்காக விளக்கேற்றுவோர் இருக்கின்றனர். 'இந்த மண் எங்களுடையது' என்று இம்மக்கள் உரக்கச் சொன்ன நாள்களில் அந்நாள் முக்கியமானது.

அதே பத்தனைக்கும் தலவாக்கலைக்கும் இடையில், கால் நூற்றாண்டு கழிந்தபின், அதே குரல் அணைக்கெதிராக மீண்டும் எழுந்தது.

அருவிக்கும் மனிதருக்கும்

தலவாக்கலைக்கு மேற்கே சென்கிளேயர் நீர்வீழ்ச்சி உண்டு. ஏறத்தாழ 80 மீட்டர் உயரம், அகலத்தால் பெயர்பெற்றது. 'இலங்கையின் சிறிய நயாகரா' என்று பயணிகள் புகழ்வார்கள். ரயிலிலிருந்தும் தெருவிலிருந்தும் காணலாம். அதற்கு அப்பால் 97 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது டெவன். திட்டத்தின் முதல் வடிவில், வேறு பல கிளையோடைகளையும் திருப்பி ஒரே சுரங்கத்தில் சேர்க்கும் எண்ணம் இருந்தபடியால், இவ்விரண்டோடு இன்னும் சில அருவிகளும் வற்றிப்போகும் என்று நாடெங்கும் கவலை பிறந்தது.

மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்தது. மின்சார சபை மேன்முறையீடு செய்து, 1998இல் அனுமதி பெற்றது. சூழல் அமைப்பொன்று நீதிமன்றத்தை நாடியது. மலையகத்திலோ, தலவாக்கலையைக் களமாகக் கொண்டு அரசியல் நடத்திய பெரியசாமி சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணியும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் எதிர்ப்புத் தெரிவித்தன. தங்களுக்குள் எத்தனையோ விஷயங்களில் மோதிக்கொண்ட கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கத்தில் நின்றன. கூட்டங்களும் ஊர்வலங்களும் கடையடைப்புகளும் நடந்தன. அன்றைய செய்திகளைப் புரட்டிப் பார்க்கையில் எனக்கு ஒன்று மனத்தை உறுத்திற்று. கொழும்பில் எழுதப்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலும் அருவியின் படம் இருந்தது. அருவியின் ஓரத்தில் உடைபடவிருந்த லயத்தின் படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அருவிக்காகப் பேசியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களால் நன்மை விளைந்தது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் காட்டை அணைக்குப் பலியிடாமல், 1980களில் தேசியப் பூங்காவாக்கியது அத்தகைய பேச்சுத்தான். ஆனால் அங்கே காப்பாற்றப்பட்டது மனிதர் குடியிராத காடு. இங்கே மனிதர் இருந்தார்கள். அழகிய அருவிக்கு நாடெங்கும் அன்பர்கள் உண்டு. தகரக் கூரை போட்ட லயத்தை அழகென்று யார் சொல்லப் போகிறார்கள்? அந்த லயத்தின் இஸ்தோப்பில் பிரசவமும் திருமணமும் சாவும் நடந்தன என்பது அதில் வாழ்ந்தவர்களுக்கே தெரியும்.

அணை வந்தது

இறுதியில் திட்டம் நின்றுவிடவில்லை. கிளையோடைகளைத் திருப்பும் பகுதி கைவிடப்பட்டு, தலவாக்கலை அணை ஒன்றோடு திட்டம் சுருங்கியது. சென்கிளேயரில் பகல் வேளையில் குறித்த அளவு நீர் விடவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. 2002இல் ஜப்பானிடமிருந்து ஏறத்தாழ 3,300 கோடி யென் கடன் பெறப்பட்டது. 2006இல் வேலை தொடங்கியது. 35.5 மீட்டர் உயரமும் 180 மீட்டர் நீளமும் கொண்ட கொங்கிறீற் அணை எழுந்தது. நீர் அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே மலைக்கடியில் ஓடி, நியம்கம்தொரவில் நிலத்தடி மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றி, மீண்டும் கொத்மலை ஓயாவில் விழுகிறது. 2012இல் 150 மெகாவாட் மின்சாரத்துடன் நிலையம் திறந்துவைக்கப்பட்டது.

எழும்பிய குடும்பங்களுக்கு லயக் காம்பிராவுக்குப் பதிலாகத் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. இது சிறிய விஷயமன்று. ஒரே சுவரைப் பத்துக் குடும்பம் பகிர்ந்துகொண்ட வாழ்க்கை போய், நான்கு பக்கமும் காற்று வரும் வீடு வந்தது. போராட்டம் இல்லாதிருந்தால் இதுவும் கிடைத்திருக்குமா என்று கேட்டால், மலைநாட்டின் வரலாற்றை அறிந்தவர் எவரும் தலையை ஆட்டமாட்டார். கேளாமல் கிடைத்தது அங்கே மிகக் குறைவு.

அவர்களுடைய அச்சமும் வெறும் கற்பனை என்று தள்ளிவிடத்தக்கதன்று. சில ஆண்டுகளின்பின் பதுளை மாவட்டத்தில் உமா ஓயாத் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது, 2014 முடிவில் மலைக்குள்ளிருந்து நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். மலையைக் குடைவதற்கு முன்னால் மலைமேல் இருப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தலவாக்கலை மக்கள் முன்னரே சொன்னதன் நியாயம் அப்போது பலருக்குப் புலனாயிற்று.

தலவாக்கலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, அணையைப் பார்க்க நடந்தேன். மூதாட்டியும் மெல்ல இறங்கி, மகள் வீட்டுப் பக்கம் போனார். நகரத்தின் ஓரத்திலேயே நீர் பச்சையாகத் தேங்கி நிற்கிறது. காலையில் டயகமவில் கல்லுக்குக் கல் தாவிக் கூச்சலிட்ட ஆறு, இங்கே வாய் மூடி நின்றது. அப்பால் தெருவோடு சிறிது தூரம் சென்று சென்கிளேயரைப் பார்த்தேன். நீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. அணைக்கு முந்திய நாளில் மழைக்காலத்து இரைச்சலைக் கேட்டவர்கள், "இதுவா சென்கிளேயர்?" என்று கேட்பார்கள்.

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் முற்காலத்தில் நீர்ச்சக்கரம் சுழன்றது. அந்தச் சக்கரத்துக்கு ஒரு தெய்வம் உண்டு என்று நம்பித் தொழிலாளர் 'ரோதமுனி' என்று பெயரிட்டுக் கும்பிட்டார்கள். சக்கரத்தையே சாமியாகக் கொண்டாடியவர்களை, முன்னேற்றத்தின் விரோதிகள் என்று சிலர் எழுதினார்கள்! இலக்சபானாவிலிருந்து கொழும்புக்கு மின்சாரம் கொண்டுபோன கம்பிகள் லயத்துக் கூரைக்கு மேலாகப் போன காலத்தில், கூரைக்குக் கீழே குப்பி விளக்கு எரிந்தது. அப்போதும் அவர்கள் கம்பியை வெட்டவில்லை. எங்களையும் ஓர் ஆளாக மதித்துக் கேளுங்கள் என்பதே அவர்கள் வேண்டுதலாக இருந்தது.

இந்தப் போராட்டத்தில் அவர்கள் தோற்றார்களா, வென்றார்களா? அணை நிற்கிறது; அந்த அளவில் தோல்விதான். ஆனால் அதற்கு முன்னர், தோட்டத்து மக்களை எழுப்புவதென்றால் துரை பெரியகங்காணியிடம் ஒரு சொல் சொன்னாற் போதும். இம்முறை அமைச்சர்களும் அந்நிய நாட்டுக் கடன்காரர்களும், குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதி, வீடு வீடாகக் கணக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள், தங்களுக்கும் இழப்பதற்கு ஓர் இடம் உண்டு என்று நாட்டை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இழப்பதற்கு ஓர் இடம் உண்டென்றால் அதற்குப் பெயர் ஊர்.

மாணவ நேயர்கள் அடுத்த முறை மின்விளக்கைப் போடும்போது, இலங்கைப் படத்தை எடுத்து ஹோட்டன் சமவெளிக்கு மேற்கே விரலை வையுங்கள். அங்கே டயகம என்று சிறிய எழுத்தில் இருக்கும். அங்கிருந்து கீழே ஓடும் நீலக்கோட்டோடு விரலை நகர்த்துங்கள். அந்தக் கோட்டின் இரு கரையிலும் இருப்பவர்களிடம் கேட்காமல் இனி எதையும் கட்டக்கூடாது என்ற எண்ணம் உங்களுக்குத் தோன்றுமாயின், என் பஸ் பிரயாணம் வீண் போகவில்லை.

பஸ்ஸில் அந்த மூதாட்டி இறங்கும்போது, என்னிடம் இரண்டு கரட்டை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். "எங்க ஊர்ல வெளைஞ்சதுங்க, சாப்பிடுங்க" என்றார். 'தோட்டம்' என்று அவர் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.